காலுக்கு முன்னால் வயிறு களைக்கும்: மலை சைக்கிள் கேள்வி-பதில்

நீண்ட தூர மலை சைக்கிள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ‘எந்த சைக்கிள் வாங்கலாம்’ என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்கவும், அது தனிக் கதை.

கேள்வி: ஐம்பது கிலோமீட்டர் வரை நன்றாகப் போகிறேன். அதைத் தாண்டியதும் கால் கனக்கிறது, தலை லேசாகச் சுற்றுகிறது, கூட வருபவர்கள் மேல் எரிச்சல் வருகிறது. பயிற்சி போதவில்லையா? (கோவை)

பயிற்சி எப்போதும் போதாதுதான். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் பசி. தலைச்சுற்றலும் காரணமில்லாத எரிச்சலும் சேர்ந்து வந்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும். தசையிலும் கல்லீரலிலுமாக உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம்தான். மேட்டில் அழுத்தி மிதித்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பசித்த பிறகு சாப்பிட்டால் பலன் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

அதனால் முதல் அரை மணியிலேயே சாப்பிடத் தொடங்குங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று ஆரம்பிக்கலாம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் வேறு வழியில் உள்ளே போவதால், இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். வெல்லத்திலும் வாழைப்பழத்திலும் இரண்டுமே இருக்கின்றன. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வரை கிடைக்கும். கடலை மிட்டாய் நல்ல பண்டம்தான், ஆனால் கடலையின் கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும். மேட்டில் மூச்சு வாங்கும்போது அதை மென்று பாருங்கள், புரையேறும். சமதளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் சிபாரிசு பழனிப் பஞ்சாமிர்தம். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், கொஞ்சம் நெய். வெளிநாட்டு எனர்ஜி ஜெல் பாக்கெட்டில் இருக்கும் சங்கதி ஏறக்குறைய இதுதான், இது ருசியாகவும் இருக்கும். சின்ன ஜிப் கவரில் மூன்று ஸ்பூன் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, ஜெர்சியின் பின்பையில் வையுங்கள். வேண்டும்போது கவரின் மூலையைப் பல்லால் கடித்துப் பிதுக்கினால் போதும், கையில் ஒட்டாது. காலிக் கவர் வீடு வரை வர வேண்டும், பாதையில் விழக் கூடாது.

எதையும் பந்தயத்தன்று முதல்முறையாகச் சாப்பிடாதீர்கள். காலைப் பழக்குவது போலக் குடலையும் பல வாரம் பழக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் நீண்ட தூரம் போக வேண்டும்.

கேள்வி: தண்ணீருக்குப் பதில் இளநீர் மட்டும் குடித்தால் போதுமா? (பொள்ளாச்சி)

போதாது. வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். இளநீர் குடியுங்கள், கூடவே உப்பும் வேண்டும்: உப்புப் போட்ட நீர்மோர், ஓஆர்எஸ், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும், எதுவானாலும் சரி. ஆறு மணி நேரம் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். எவ்வளவு குடிப்பது என்று தெரிய, கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் கண்மாய்க் கரை, வண்டிப்பாதை எல்லாமே சீமைக்கருவேலம். ஒரு ரைடுக்கு இரண்டு பஞ்சர் நிச்சயம். கெட்டியான டயர் போட்டும் பலனில்லை. (ராமநாதபுரம்)

உங்கள் ஊருக்கு ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்) தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கருவேல முள் டயரைத் தைக்கத்தான் செய்யும். தைத்த ஓட்டையை உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் அடைத்துவிடும், பல நேரம் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றவையா என்று முதலில் பாருங்கள். 29 அங்குலச் சக்கரம் ஒன்றுக்கு 80 முதல் 100 மில்லி சீலன்ட் ஊற்றலாம். நம் வெயிலில் அது இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர்த் தோலாகிவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் வரவில்லை என்றால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

வழியில் முள் குத்தி நிற்பதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். காற்று இறங்கவில்லை என்றால் பிடுங்காதீர்கள், அப்படியே வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். பிடுங்கியே ஆக வேண்டுமானால், பிடுங்கியதும் ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே வந்து தேங்கி அடைக்கும். பெரிய ஓட்டையில் செருகி அடைக்க ஒரு பிளக், அதுவும் கைகொடுக்காவிட்டால் மாற்ற ஒரு ட்யூப், ஒரு பம்ப் பையில் இருக்கட்டும்.

ட்யூப் போடும் நிலை வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். ட்யூப்லெஸ்ஸாக ஓடிய டயருக்குள் பழைய முள் நுனிகள் ஏகப்பட்டது ஒடிந்து நிற்கும். ட்யூப் போட்டுக் காற்றடித்த மறு நிமிடம் அவை வேலையைக் காட்டும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்பக்கம் முழுக்கத் தடவுங்கள். முள் நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கி நிற்கும். அங்கே வெளிப்பக்கமிருந்து குறட்டால் பிடித்து இழுக்கவோ, உள்ளிருந்து தள்ளவோ வேண்டியதுதான்.

இன்னொன்று, காற்று. கடையில் கம்ப்ரசரை வைத்தால் கல் மாதிரி அடித்துத் தருவார்கள். கரடுமுரடான பாதையில் அது வேகமும் தராது, பிடிமானமும் தராது. ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிள் துள்ளும், துள்ளலில் போகும் சக்தி உங்கள் கால் கொடுத்தது. எழுபது கிலோ எடைக்காரர், 2.25 அங்குல ட்யூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 20 முதல் 22, பின்னால் 22 முதல் 25 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பாருங்கள். ட்யூப் என்றால் 30 பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் ட்யூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும்.

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் மலை சைக்கிள்காரர்கள் ட்யூப்லெஸ்ஸை அவ்வளவு விரும்புவதற்கு ஒரு காரணம் நம்மூர் நெருஞ்சி. அதே செடி அங்கேயும் பரவி எல்லார் வாயிலும் விழுந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: தேரிக்காட்டு மணலில் பத்தடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்து விழுகிறேன். (திருச்செந்தூர் பக்கம்)

மணலில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் சக்கரம் கலப்பையாகிவிடும். திருப்பாதீர்கள், இடுப்பைச் சாய்த்துத் திசை மாற்றுங்கள். மணல் தொடங்கும் முன்பே வேகம் எடுத்து, கொஞ்சம் கனமான கியரில் சீராக மிதித்து, உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி உட்காருங்கள். காற்றை வழக்கத்தைவிட நாலைந்து பிஎஸ்ஐ குறைக்கலாம். ஆழமான தேரியில் இது எதுவும் பலிக்காது. இறங்கித் தள்ளுங்கள், பந்தயக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: டெக்சஸில் வேலை. லெட்வில் 100 பந்தயத்துக்கு லாட்டரியில் இடம் கிடைத்திருக்கிறது. பயிற்சி செய்கிறேன், ஆனால் எங்கள் ஊர் சமதளம். அந்த உயரத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. (ஆஸ்டின்)

வாழ்த்துகள். பயம் நியாயமானதுதான். கொலராடோவின் லெட்வில் ஊரே ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். பந்தயப் பாதையின் உச்சியான கொலம்பைன் 3,800 மீட்டர் பக்கம். 1982-ல் பக்கத்து மாலிப்டினம் சுரங்கம் மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, ஆட்களை வரவழைக்க ஒரு சுரங்கத் தொழிலாளி தொடங்கியது அங்கே நடக்கும் நூறு மைல் ஓட்டம். சைக்கிள் பந்தயம் 1994-ல் சேர்ந்தது.

முடிந்தால் இரண்டு, மூன்று வாரம் முன்பே போய்த் தங்குங்கள். வேலை விடாது என்றால் முதல் நாள் மாலை போய் மறுநாள் காலை ஓட்டுபவர்கள் உண்டு. நாலைந்து நாள் முன்னால் போவதுதான் பலருக்கு மோசம். தூக்கம் கெட்டு, பசி செத்து, உடம்பு பழகியும் பழகாமலும் நடுவில் நிற்கும். உயரத்தில் உங்கள் வழக்கமான வேகத்தை மறந்துவிடுங்கள், மூச்சைப் பாருங்கள். முதல் மேடான செயின்ட் கெவின்ஸில் கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்தால், அந்தக் கடனைத் திரும்பும் வழியில் பவர்லைன் ஏற்றத்தில் வட்டியோடு கட்டுவீர்கள். அது செங்குத்து, காலடியில் நிற்காத மண். நல்ல ஆட்களே தள்ளிக்கொண்டு நடக்கும் இடம்.

சமதளத்துக்காரர்களுக்கு எதிர்காற்று இருக்கிறது. கனமான கியரில், நிற்காமல், இருபது இருபது நிமிடமாக எதிர்காற்றில் மிதியுங்கள். நீண்ட மேட்டுக்கு அது மோசமான மாற்று இல்லை.

அப்புறம் நேரக் கணக்கு. தூரம் 165 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பரிசாக பெல்ட் பக்கிள், 9 மணி நேரத்துக்குள் என்றால் பெரிய பக்கிள். பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சராசரி 14 கிலோமீட்டர் வேகம் போதும். கேட்க எளிது. ஆனால் கடிகாரம் நீங்கள் நிற்கும்போதும் ஓடுகிறது. ஆறு இடத்தில் பத்துப் பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் போச்சு. அதே ஒரு மணி நேரத்தைக் காலால் சம்பாதிக்க எத்தனை மாதப் பயிற்சி வேண்டும் என்று யோசியுங்கள். உதவி நிலையத்தில் இறங்கும் முன்பே என்ன எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். பாட்டில், உணவு, கிளம்பு. மழைச்சட்டை மட்டும் கட்டாயம். ஆகஸ்ட் மதியங்களில் அங்கே இடியும் ஆலங்கட்டியும் சொல்லாமல் வரும்.

கேள்வி: டூர் டிவைட் பந்தயத்தில் தூங்கவே மாட்டார்களாமே? (சேலம்)

தூங்குவார்கள், கொஞ்சமாக. கனடாவின் பான்ஃப் முதல் மெக்சிகோ எல்லை வரை சுமார் 4,400 கிலோமீட்டர். நுழைவுக் கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. ஏற்பாடு செய்து வைத்த உதவி எதுவும் வாங்கக் கூடாது, கடையில் யாரும் வாங்கக்கூடியதை வாங்கிக்கொள்ளலாம். 2016-ல் பிரிட்டன் பந்தயக்காரர் மைக் ஹால் 14 நாளுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார். நாளுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தின்போது கார் மோதி இறந்தார். தூக்கத்தைக் குறைத்துச் சாதிப்பதை வீரம் என்று நான் பேசுவதில்லை. கண் செருகினால் ஓரமாகப் படுத்து இருபது நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். இதற்கு மட்டும் நிற்கலாம்.

கேள்வி: நானும் நண்பரும் கேப் எபிக் போக ஆசைப்படுகிறோம். அவர் என்னைவிட வேகம். அவர் முன்னால் போய்க் காத்திருக்கலாம்தானே? (பெங்களூரு)

முடியாது. தென்னாப்பிரிக்காவின் அந்த எட்டு நாள் பந்தயத்தில் ஜோடியில் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும், மீறினால் அபராதம். அவர் காற்றை வெட்டட்டும், கருவிப் பையையும் அவரே சுமக்கட்டும். மேட்டில் வேகத்தை முடிவு செய்வது நீங்கள். இதற்கு அவர் முகம் சுளித்தால் இப்போதே வேறு ஆள் பாருங்கள்.

கேள்வி: கொல்லிமலை இறக்கத்தில் பாதியிலேயே தீய்ந்த வாடை. பின்பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. (நாமக்கல்)

எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வந்திருப்பீர்கள். பயத்தில் எல்லாரும் செய்வதுதான். பிரேக் தகட்டுக்குச் சூடு தணிய நேரமே கிடைப்பதில்லை. பேட் தீய்கிறது, திரவம் கொதித்து ஆவியானால் லீவர் தொளதொளவென்று உள்ளே போகும். நேரான இடத்தில் முழுக்க விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி விடுங்கள். பின்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. லீவர் உள்ளே போனால் நின்று ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தகடு வளையலாம். அடுத்த முறைக்கு முன் பிரேக்கை ‘பிளீட்’ செய்து (உள்ளே இருக்கும் காற்றையும் பழைய திரவத்தையும் வெளியேற்றி), உலோகப் பேட் போட முடியுமா என்று கடையில் கேளுங்கள். சில தகடுகள் ரெசின் பேடுக்கு மட்டுமே ஆனவை.

கேள்வி: சாட்டிலைட் மேப்பில் காட்டுக்குள் அழகான பாதை தெரிகிறது. விடிகாலையில் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? (உடுமலை)

யானை கேட்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வருகிறது, அதுதான் அதன் ஆபத்து. நடந்து போனால் விலங்குக்கு நம் வரவு தெரிய நேரம் இருக்கும். வளைவில் திடீரென்று முளைத்தால் அதற்கும் வழியில்லை, நமக்கும் வழியில்லை. 2016-ல் அமெரிக்காவின் மொன்டானாவில், சைக்கிளில் வேகமாக வந்தவர் கரடி மேலேயே மோதி, அது தாக்கி உயிரிழந்தார். விடியலும் அந்தியும்தான் யானை நடமாடும் நேரம். அந்தப் பாதையை மறந்துவிடுங்கள். மேப்பில் காட்டுக்கு வெளியே வாய்க்கால் கரைகளைத் தேடுங்கள், உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

கேள்வி: சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. (திருச்சி)

உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்புப் பாரம் முழுக்கக் கைக்கு வரும், முதலில் அதை மட்டமாக்குங்கள். பிறகு அகலமான கிரிப். மரப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள்ளே ஜட்டி போட வேண்டுமா? (பெயர், ஊர் வேண்டாம்)

வேண்டாம். அதன் தையல்தான் தொடையை அறுக்கிறது. ரைடு முடிந்ததும் ஷார்ட்ஸை உடனே கழற்றித் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். அதோடு டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசாதீர்கள், புண் பாதி அங்கேதான் வருகிறது.