மணலும் இல்லை, யூனியனும் இல்லை (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது, மாசசூசெட்ஸில் கேப் காட் பக்கம் சாண்ட்விச் என்ற சின்ன ஊரில் கண்ணாடி அருங்காட்சியகம் பார்த்தோம். கடற்கரை மணல் இருந்ததால்தான் அங்கே ஆலை வந்தது என்றார் மருமகன். 1888இல் வேலைநிறுத்தம் செய்து தொழிலாளர்களே அதை மூடவைத்துவிட்டார்களாம். யூனியன் புகுந்தால் எங்கேயும் இதே கதைதானா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மருமகன் மட்டுமில்லை, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கடற்கரை மணலில் கலப்பு அதிகம், நல்ல வெள்ளைக் கண்ணாடிக்கு ஆகாது. மணலை நியூஜெர்சியிலிருந்தும், பிற்பாடு பெர்க்‌ஷயர் மலைப் பக்கமிருந்தும் கொண்டுவந்தார்கள். டெமிங் ஜார்விஸ் 1825இல் அங்கே ஆலை போட்டதற்குக் காரணம் விறகு. சுற்றிலும் பைன் காடு, சரக்கை போஸ்டனுக்கு அனுப்பக் கடல். கண்ணாடி உலையை ராத்திரி பகல் அணைக்க முடியாது, அதனால் எரிபொருள் எங்கே மலிவோ அங்கேதான் இந்தத் தொழில் போய் உட்காரும்.

நீங்கள் பார்த்த பூவேலைத் தட்டுகள் ஊதிச் செய்தவை அல்ல, அச்சில் அழுத்தியவை. ஒருவர் இரும்புக் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி எடுத்து வந்து அச்சுக்கு மேலே பிடிப்பார், அது தேன் மாதிரி இறங்கும்போது இன்னொருவர் கண் அளவிலேயே கத்தரியால் வெட்டி நெம்புகோலை இழுப்பார். கொஞ்சம் குறைந்தால் விளிம்பு நிரம்பாது, கூடினால் தட்டு தடித்துவிடும். அச்சின் உலோகம் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பு குளிர்ந்து மங்கிவிடும். அந்த மங்கலை மறைக்கத்தான் பின்னணி முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. அழகு என்று நாம் ரசிப்பதில் பாதி, குறையை மூடப்போய் வந்தது!

1850களில் ஐந்நூறு பேருக்கு வேலை கொடுத்த ஆலை. 1858இல் ஜார்விஸே விலகி அதே ஊரில் போட்டிக்கு இன்னொன்று தொடங்கினார், அது வேறு கதை. உண்மையான அடி மேற்கிலிருந்து வந்தது. சாண்ட்விச்சின் பேரே ஈயம் சேர்த்த கண்ணாடியில்தான். 1864இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வில்லியம் லெய்டன் என்பவர், ஈயம் இல்லாமல் சோடாவும் சுண்ணாம்பும் வைத்தே தெளிவான கண்ணாடி செய்துவிட்டார். விலையும் குறைவு, எடையும் குறைவு. அங்கே நிலக்கரி காலடியிலேயே கிடைத்தது, விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறியிருந்த சாண்ட்விச்சுக்கோ அது கப்பலில் வர வேண்டும். அப்புறம் ஒஹையோவில் இயற்கை எரிவாயு வேறு கிளம்பியது.

சரி, வேலைநிறுத்தம்? நடந்தது, இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை, 1888 தொடக்கத்தில் உலையை அணைத்துவிட்டார்கள். ஆனால் அதே 1888இல், ஜார்விஸ் முன்பு இருந்த கேம்பிரிட்ஜ் ஊர் நியூ இங்கிலாந்து கண்ணாடி ஆலை என்ன ஆனது என்று பாருங்கள். அங்கேயும் தொழிலாளர் தகராறுதான். அதன் முதலாளி லிபி, ஆலையை மூடிவிட்டு எரிவாயு மலிவாகக் கிடைத்த ஒஹையோவின் டொலீடோவுக்குப் போய்விட்டார், கைதேர்ந்த ஆட்களில் பலரும் கூடவே போனார்கள். லிபி என்ற பெயரில் கண்ணாடி டம்ளர் இன்றும் விற்கிறது. தகராறு இரண்டு இடத்திலும் இருந்தது, மலிவான நெருப்பைத் தேடிப் போனவர்தான் பிழைத்தார்.

சாண்ட்விச்சில் பின்னால் சிலர் மறுபடி தொடங்கிப் பார்த்தார்கள், எதுவும் நிலைக்கவில்லை. அதற்கும் யூனியன்தான் காரணம் என்று சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.