நான்கு மணி நேர டியூஷன் போதவில்லையாம்

காசிமேட்டிலிருந்து ஒரு தாய், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனோடு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 19. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை டியூஷன். விடியற்காலையிலும் ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டார். "பதினொன்றில் உயிரியல், கூடவே நீட் பயிற்சி என்று என் அண்ணன் சொல்லிவிட்டார். வளையலை அடகு வைத்தாவது கட்டிவிடுவேன் சார்."

தைரியம் சொல்லி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன், பையனின் டியூஷன் நோட்டைப் புரட்டும்வரை. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். அதற்குச் சிவப்பு மையில் ஒரு 'சரி' வேறு!

அம்மா, பின்னம் தெரியாத பிள்ளைக்கு இருபடிச் சமன்பாட்டை எட்டு மணி நேரம் நடத்தினாலும் ஏறாது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து தனியே அழைத்து, அந்தப் பகுதிப் பெண்களைக் கொண்டு அடிப்படையைக் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளி நேரம் அதிகமாகவில்லை, மதிப்பெண் கூடியது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழு ஆராய்ந்து கண்டது இது. நம் இல்லம் தேடிக் கல்வியும் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் நடந்தது. உங்கள் மகனுக்கு வேண்டியதும் அவ்வளவே: தினம் ஒரு மணி நேரம், ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து.

விசைப்படகு எஞ்சினின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான் என்று அலுத்துக்கொண்டீர்களே, அதைத்தான் நான் குறித்துக்கொண்டேன். ராயபுரத்திலேயே மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் இருக்கிறது. துறைமுகத்துக்குத் தினம் போய்வரும் குடும்பத்துக்கே தெரியவில்லை! கப்பல் எஞ்சின்களைப் பராமரிக்கக் கற்றுத்தரும் மெரைன் ஃபிட்டர் படிப்பு, இரண்டு ஆண்டு. பட்டறையிலும் கடலிலுமாகக் கை பழகும். முடித்து, கடல் அனுபவமும் சேர்ந்தால் மீன்பிடிக் கப்பல் எஞ்சின் டிரைவர் தேர்வு எழுதலாம். சேர நுழைவுத் தேர்வு உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 35 போதும். இங்கே கணக்கிலும் அறிவியலிலும் தனித்தனியே 40 சதவீதம் வேண்டும். வயது வரம்பை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் இந்த நாற்பதுக்காகத்தான்.

வளையலை மட்டும் தொடாதீர்கள். மருத்துவராக வேண்டும் என்று இவன் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னவர் மாமா. அவரை என்னிடம் அனுப்புங்கள். அந்த நோட்டையும் கொடுத்தனுப்புங்கள்.