நட்ட மரம் அடங்கலில் ஏறட்டும்

கேள்வி: எங்களுக்கு 3 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. சந்தனமும் தேக்கும் நட நினைக்கிறோம். பின்னால் வனத்துறை வெட்ட விடாது, நிலமே காடு என்று ஆகிவிடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். ஒரு நிறுவனமோ, தானே கன்று கொடுத்து 12 ஆண்டில் சந்தனத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. நடலாமா?

பதில்: தாராளமாக நடுங்கள். அந்த நிறுவனத்தின் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிலம் காடாகிவிடும் என்ற பயம் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவிலிருந்து கிளம்பியது. நிலம் யாருடையதாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடுதான் என்றது நீதிமன்றம். ஆனால் பட்டா நிலத்தில் நட்டு வளர்த்த தோப்புக்கு 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் புஞ்சையை யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மரம் தானாக முளைத்ததல்ல, நீங்கள் நட்டது என்று காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தாள் அடங்கல், அதாவது எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் ஏடு. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் வரப்பில் அவருடைய தாத்தா நட்ட 40 தேக்கு மரங்கள் நின்றன. அடங்கலில் ஆண்டுதோறும் ‘நிலக்கடலை’ என்று மட்டுமே எழுதி வந்திருக்கிறார்கள். விவரம் தெரியாமல் மரத்தை வெட்டிவிட்டு, லாரியில் ஏற்ற பாஸ் கேட்கப் போனால், ஏட்டில் இல்லாத மரத்துக்கு எப்படிச் சான்று தருவது என்று திருப்பி அனுப்பினார்கள். கட்டைகள் களத்து மேட்டில் வெயிலில் கிடந்து, முனையில் நட்சத்திரம் போல வெடிப்பு விட்டன. வியாபாரி வாரத்துக்கு வாரம் விலையைக் குறைத்து, கடைசியில் அடிமாட்டு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

அதனால் நட்ட பருவத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் இனம், எண்ணிக்கை, நட்ட ஆண்டு மூன்றையும் அடங்கலில் ஏற்றச் சொல்லி, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வே கல் தெரியும்படி கன்றுகளைப் படம் எடுத்து வையுங்கள். அரசே பசுமைப் போர்வைத் திட்டத்தில் இலவசமாகக் கன்று தருகிறது, உழவன் செயலியில் பதியலாம். கன்று தரும்போது சர்வே எண்ணை வாங்குகிறார்களே, அதை அப்படியே அடங்கலில் ஏற்றிவிட்டால் என்ன? நடச் சொல்ல ஒரு துறை, எழுத ஒரு துறை, வெட்ட அனுமதிக்க இன்னொரு துறை. மூன்றுக்கும் நடுவில் அலைவது விவசாயி. இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம், கேட்பார் இல்லை.

2025 ஜூனில் மத்திய அரசு, விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை வெளியிட்டது. தோப்பை இணையத்தில் பதிந்துவிட்டால் பத்து மரம் வரை படம் ஏற்றியே அனுமதி பெறலாம் என்பது அதன் சாரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மாதிரி விதி, மாநிலம் ஏற்றால்தான் உங்கள் கைக்கு வரும். அதை நம்பி அடங்கலை விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த நிறுவனம். தமிழ்நாடு வனச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் உங்கள் சொத்து. ஆனால் பட்டா நிலத்துச் சந்தனத்துக்கான 2008 விதிகளின்படி அதை வெட்டி, கிடங்குக்குக் கொண்டுபோய் ஏலம் விடுவது வனத்துறை. நீங்களாகத் தனியாருக்கு விற்க முடியாது. சட்டப்படி வாங்க முடியாத ஒன்றை வாங்கிக்கொள்வதாக எழுதித் தருபவர் எதை விற்கிறார் என்று நினைக்கிறீர்கள்? கன்றை! அவருடைய லாபம் முதல் நாளே முடிந்துவிட்டது. 12 ஆண்டு என்பதும் ஏமாற்று. அந்த வயதில் பல மரங்களில் வைரம், அதாவது விலைபோகும் மணமுள்ள நடுக்கட்டை, விரலளவுகூடப் பாய்ந்திருக்காது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சி வாழும் மரம். துவரையோ அகத்தியோ கூடவே இல்லாவிட்டால் தேறாது. அதை அந்தத் தரகர் சொன்னாரா? தொண்ணூறுகளில் தேக்குப் பண்ணைக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களைக் கண்ணால் பார்த்தவன் நான். இப்போது அதே ஆட்கள், மரம் காற்றிலிருந்து கார்பனை இழுத்து வைப்பதற்குப் பணம் வரும், அதுதான் கார்பன் வருமானம் என்று சொல்லி, முப்பது ஆண்டு ஒப்பந்தத்தோடு வாசலில் நிற்கிறார்கள். தமிழில் எழுதித் தராத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு. உங்கள் ஊர் மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தால் நான் சொன்னதெல்லாம் மாறும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்றால் எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அடிவார ஊர்களில்தான். நிலம் சமதளமாக இருக்கும், ஊர்ப் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். கிராமம் கிராமமாக அறிவித்திருப்பதால், பக்கத்து ஊர்க்காரர் வெட்டினாரே என்பது உங்களுக்குச் சாட்சி ஆகாது. கட்டடம் கட்ட அனுமதி தேவைப்படும் மலைக் கிராமப் பட்டியல் வேறு, இது வேறு. இரண்டையும் அலுவலகத்திலேயே குழப்புகிறார்கள்.

மாவட்ட வன அலுவலகத்தில் ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் குறிப்பிட்டு, இந்த ஊர் 1955 சட்டத்தில் வருகிறதா என்று மனு கொடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வராது என்று பதில் வந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே குழி எடுத்து ஆறப் போட்டுவிடலாம்.