வாழை இலை ஏன் நீலமானது?

வாசகர் கேள்வி – பதில்: பழைய நீர்வண்ண ஓவியங்கள்

கே: 1960களில் உகாண்டாவில் பள்ளி ஆசிரியராக இருந்த என் மாமனார் கொண்டுவந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. செம்மண் பாதை, வாழைத்தோப்பு, தூரத்தில் மலை. ஓரத்தில் பென்சிலில் ‘எம்.டி., கம்பாலா, 1951’ என்று எழுதியிருக்கிறது. மார்கரெட் ட்ரோவெல் வரைந்ததாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எப்படி உறுதிப்படுத்துவது?
– வாசகி, யாழ்ப்பாணம்

ப: தேதி இடிக்கவில்லை. லண்டன் ஸ்லேட் பள்ளியில் ஓவியம் படித்த ட்ரோவெல், மருத்துவரான கணவருடன் 1929இல் கென்யாவுக்குப் போய், 1935இல் உகாண்டா வந்தவர். கம்பாலாவின் முலாகோ பகுதியில் தம் வீட்டு வராந்தாவில் அவர் தொடங்கிய வகுப்புதான் மக்கெரேரே கல்லூரியின் ஓவியப் பள்ளியாக வளர்ந்தது. இன்றும் அந்தப் பள்ளிக்கு அவர் பெயர்தான். 1958 வரை அங்கே கற்பித்தார்.

ஆனால் இரண்டு எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. அந்தக் காலக் கம்பாலாவில் அதிகாரிகளின் மனைவிமார், மிஷனரிகள், ஆசிரியர்கள் என்று தூரிகை பிடித்த ஆங்கிலேயர்கள் பலர். ஒரு சின்னத் தகரப் பெட்டியும் ஒரு புட்டித் தண்ணீரும் போதும் என்பதால் நீர்வண்ணம் அவர்களோடு எங்கும் போயிற்று. ‘எம்.டி.’ அவர்களில் யாராகவும் இருக்கலாம். ட்ரோவெல்லின் முழுப் பெயர் கேத்லீன் மார்கரெட் என்பதையும் கவனியுங்கள். கையெழுத்தை ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

முதலில் ஓவியத்தைப் பிரேமிலிருந்து எடுங்கள். மேசையில் சுத்தமான துணி விரித்து, பிரேமைக் கவிழ்த்து வைத்து, ஆணிகளைக் குறடால் பிடுங்குங்கள். நெம்பினால் கண்ணாடி உடையும். பின்னட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். பிரேம் போட்ட கடையின் சீட்டு, கண்காட்சி எண், விலை, யாருக்கோ எழுதிய இரண்டு வரி எல்லாம் அதில்தான் இருக்கும். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியம் அட்டையோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

தாள் தனியாக வந்தால் அளந்து பாருங்கள். 15 × 11 அங்குலம் என்றால் இம்பீரியல் தாளில் கால் பங்கு. அடியில் கைபேசி விளக்கைப் பிடித்தால் நீர்க்குறி தெரியலாம். ஜே. வாட்மன் தாள்கள் பலவற்றில் வருடமும் இருக்கும். அது தாள் செய்த வருடம், வரைந்த வருடமல்ல. 1948 என்று இருந்தால் 1951 பொருந்தும். 1955 என்று இருந்தால் பென்சில் எழுத்து பொய்.

அடுத்து, ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் காட்டுங்கள். தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. 1950ஐ ஒட்டித்தான் அது தாள்களில் பரவலாக வந்தது. ஆகவே 1930கள் என்று விற்கப்படும் ஓவியத்தைப் பிடிக்க இது நல்ல சோதனை. உங்களுடைய 1951க்கு அவ்வளவு உதவாது.

அச்சா, கையால் வரைந்ததா என்பதற்கு நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். அச்சு என்றால் ஒழுங்கான புள்ளிகள் தெரியும். வரைந்தது என்றால் வண்ணம் காய்ந்த விளிம்பில் கரை கட்டியிருக்கும். தாளின் பள்ளங்களில் நிறத்துகள் மணல்போலத் தேங்கியிருக்கும். வெளிர்ந்த இடங்களில் அடியில் போட்ட பென்சில் கோடு எட்டிப் பார்க்கும்.

மாணவர் கை என்பதையும் ஒதுக்கிவிடாதீர்கள். ட்ரோவெல் ஐரோப்பியப் படங்களை முன்னால் வைத்துப் பார்த்து வரையச் சொல்லவில்லை. ஒரு காட்சியை வாயால் விவரிப்பார், மாணவர்கள் மனதில் கண்டதை வரைவார்கள். அதனால் அந்தப் பள்ளியின் தொடக்ககால ஓவியங்களில் ஆட்கள், வேலை, விழா, கதை மிகுதி. ஆளே இல்லாத, தூரம் கூடக் கூட நிறம் மங்கும் நிலக்காட்சி, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்து வரைந்த ஆங்கிலப் பயிற்சியைத்தான் அதிகம் காட்டும். மாணவர் ஓவியம் என்றால் மதிப்பு குறைவு என்று நினைக்கவும் வேண்டாம். அங்கே படித்த சாம் ந்டிரோவின் 1956 ஓவியம் ஒன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கே: பழைய கடையில் வாங்கிய கென்ய நிலக்காட்சியில் வாழை இலை நீலமாகவும் வானம் இளஞ்சிவப்பாகவும் இருக்கிறது. ஓவியர் வேண்டுமென்றே அப்படித் தீட்டியதா?
– வாசகர், லண்டன்

ப: பெரும்பாலும் இல்லை, வெயிலின் வேலை. பழைய ஹூக்கர்ஸ் பச்சை என்பது பிரஷ்யன் நீலமும் காம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சளும் சேர்ந்த கலவை. மஞ்சள் வெளிச்சத்தில் ஓடிவிடும், நீலம் நிற்கும், இலை நீலமாகும். வானத்தின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தோடு காவிச் சிவப்பைக் கலப்பது பழைய வழக்கம். அங்கே நேர்மாறு: அவுரி போய்விடும், காவி நிற்கும். காவி மண்நிறம், அசையாது. ஆப்பிரிக்கக் காட்சிகளில் செம்மண் பாதை மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருப்பது இதனால்தான்.

சந்தேகம் தீர, மவுண்ட் அட்டையை (ஓவியத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு அடியில் வைக்கும் அட்டை) தூக்கி அது மறைத்திருந்த கால் அங்குல விளிம்பைப் பாருங்கள். வெளிச்சமே படாத அந்தப் பட்டையில் முதல் நிறம் அப்படியே இருக்கும். அங்கேயும் இலை நீலமென்றால் ஓவியர் நினைத்தது நீலம்தான். போன நிறம் திரும்பாது. மேலே புது வண்ணம் தீட்டச் சொல்பவரிடம் ஓவியத்தைக் கொடுக்காதீர்கள். இனி மிச்சத்தைக் காக்க, அருங்காட்சியகங்கள் வைக்கும் 50 லக்ஸ் வெளிச்ச அளவை ஒட்டிய மங்கிய இடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து மாட்டுங்கள்.

கே: ஓவியத்தில் பழுப்புப் புள்ளிகள். பிரேம் கடையில் பிளீச்சிங் போட்டுத் துடைத்து லேமினேட் செய்து தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: இரண்டும் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் புள்ளியோடு வண்ணத்தையும் தின்னும். மிஞ்சும் குளோரின் தாளை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். லேமினேஷனைப் பிறகு யாராலும் உரிக்க முடியாது. ஹார்டுபோர்டில் பெவிகால் போட்டு ஒட்டுவதும் இதே கணக்குதான்.

புள்ளிகளுக்குப் பூஞ்சை ஒரு காரணம், தாளில் இருக்கும் இரும்புத் துகள் இன்னொன்று. இரண்டையும் தூண்டுவது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை கிளம்பும். பஞ்சுபோல எழுந்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நிழலில், காற்றோட்டத்தில் தாளைக் காயவையுங்கள். காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தொட்டால் தாளுக்குள் தேய்ந்துவிடும். வெறும் பழுப்புப் புள்ளி என்றால் அப்படியே விடலாம். கண்ணை உறுத்தினால் தாள் பாதுகாப்பு படித்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மறுபடி பிரேம் போடும்போது நூறு சதவீதப் பருத்தி மவுண்ட் அட்டை கேளுங்கள். சாதா அட்டையின் அமிலம்தான் ஓவியத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போடுகிறது. ஒட்டுவது மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், ஜப்பானியக் கோஸோ தாள் துண்டால். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. சிறு தீயில் இருபது முப்பது நிமிடம் கைவிடாமல் கிளறி, கண்ணாடிபோல ஆனதும் ஆறவைத்துச் சல்லடையில் தேயுங்கள். மைதா ஆகாது, அதன் புரதத்துக்குப் பூச்சி வரும். பைண்டிங் கடைப் பசையில் சேர்க்கும் மயில்துத்தமும் ஆகாது. அதிலுள்ள தாமிரம் தாளை நொறுங்க வைக்கும். செலோடேப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கண்ணாடி வண்ணத்தைத் தொடக்கூடாது. மவுண்ட் அட்டையின் கனமே அந்த இடைவெளியைத் தரும். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவர் ஈரம் ஏறாமல் காற்று ஓடும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

கே: 1938 தேதியிட்ட நைஜீரிய நீர்வண்ணத்தைக் கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பத் தடை உண்டா?
– வாசகி, கோவை

ப: இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஓவியம் தொல்பொருளாக நூறு ஆண்டு ஆக வேண்டும். உங்களுடையதற்கு அந்த வயது வரவில்லை. தேதி தெரியும் பகுதியையும் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் பார்சலோடு வையுங்கள். சுருட்டி அனுப்பாதீர்கள், பழைய வண்ணம் மடிப்பில் உதிரும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்புங்கள்.