முதுகுக்குப் பின்னால் யார்? பந்தோடு திரும்புதல்: கேள்வி பதில்

கால்பந்தில் பந்தை வாங்கித் திரும்புவது பற்றிக் கேட்கச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்து எழுதியிருக்கிறேன். சிறுவர், பதின்வயதினர் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கிறேன். கோன் (பயிற்சிக் கூம்பு) வைத்துத் திரும்பச் சொன்னால் எல்லோரும் அழகாகத் திரும்புகிறார்கள். மேட்ச் என்று வந்தால் பந்தை வாங்கிய உடனே பறிகொடுக்கிறார்கள். எங்கே குறை?

கால்களைக் குறை சொல்லாதீர்கள். கோன் நகர்வதில்லை, பின்னாலிருந்து வந்து இடிப்பதும் இல்லை. எங்கே திரும்புவது, எப்போது திரும்புவது என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டீர்கள். மேட்சில் பிள்ளை முதலில் தீர்மானிக்க வேண்டியது, இப்போது திரும்பலாமா கூடாதா என்பதை. பயிற்சியில் அந்த முடிவை எடுக்க அவனுக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை.

இப்படி மாற்றிப் பாருங்கள். சுமார் 15 மீட்டர் இடைவெளியில் இரு முனைகளிலும் ஒவ்வொருவர், நடுவில் ஒருவர், அவர் முதுகுக்குப் பின்னால் பந்தைப் பறிக்க ஒரு டிஃபெண்டர். பாஸ் கிளம்பும்போது டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டும் வரலாம், நின்ற இடத்திலேயே நிற்கவும் செய்யலாம், அவர் இஷ்டம். ஒட்டி வந்தால் நடுவில் இருப்பவர் ஒரே டச்சில் பந்தை வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் திரும்பி மறுமுனைக்குக் கொடுக்க வேண்டும். டிஃபெண்டர் பந்தைப் பறித்துவிட்டால் இருவரும் இடம் மாறட்டும்.

முதல் பத்து நிமிடம் ஒரே குளறுபடியாக இருக்கும், இருக்கட்டும். அப்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "திரும்பு, திரும்பு" என்று வெளியிலிருந்து கத்தினால் பழையபடி நீங்களே முடிவெடுத்துவிடுகிறீர்கள்.

அதற்கடுத்து நாலுக்கு நாலு ஆட்டம் வையுங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு கோலுக்குப் பதிலாக இரண்டு சின்ன கோல்கள், கோட்டின் இரு ஓரங்களில். ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால் பிள்ளைகள் தாமாகவே பந்தைத் திருப்பி மறுபக்கம் போவார்கள். திரும்புவதற்கு ஒரு காரணம் இருந்தால் திரும்பச் சொல்ல ஆள் தேவையில்லை.

கோனைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு புதிய அசைவைக் கால் பழகும் வரை, ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: "தோளுக்கு மேல் பார்" என்று எல்லா கோச்சும் சொல்கிறார்கள். எந்த நேரத்தில் பார்ப்பது? பார்க்கப் போய்ப் பந்தைக் கோட்டை விட்டேன்.

தம்பி, நீ பார்த்தது தப்பான நேரத்தில். பந்து உன் காலுக்குப் பக்கத்தில் வந்த பிறகு தலையைத் திருப்பினால் பந்து போகத்தான் செய்யும்.

முதல் பார்வை, உனக்குப் பாஸ் கொடுக்கப் போகிறவரிடம் பந்து போய்க்கொண்டிருக்கும்போது. அந்த ஒன்றிரண்டு நொடியில் அவரால் உனக்குக் கொடுக்க முடியாது, ஆகவே நீ தைரியமாகப் பின்னால் பார்க்கலாம். இரண்டாவது, அவர் உதைத்த பந்து உன்னை நோக்கிக் கிளம்பியதும் ஒரு சட்டென்ற பார்வை. அது பெரும்பாலும் பழைய படத்தைச் சரிபார்க்கத்தான். கடைசிச் சில மீட்டரில் கண் பந்தின் மேல்தான் இருக்க வேண்டும்.

நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக இதையே படம்பிடித்து ஆராய்ந்து வருகிறார். பந்து வருவதற்கு முன் அடிக்கடி சுற்றிப் பார்க்கும் மிட்ஃபீல்டர்களின் (நடுக்கள ஆட்டக்காரர்களின்) பாஸ்கள் கூடுதலாகக் கைகூடுகின்றன என்பது அவர் கண்டது. அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு மிட்ஃபீல்டரின் தலையை மட்டும் ஐந்து நிமிடம் கவனி. ஸ்பெயின் மிட்ஃபீல்டர் சாவியின் (Xavi) பழைய மேட்சுகள் கிடைத்தால் இன்னும் நல்லது.

பார்த்தால் மட்டும் போதாது, என்ன பார்த்தாய் என்று சொல்லத் தெரிய வேண்டும். நான் பின்னால் நின்று விரல்களை உயர்த்திக் காட்டுவேன். ஆட்டக்காரர் பந்தை வாங்கும் முன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பழகிய பிறகு விரலை விட்டுவிட்டு, "இடப்பக்கம் ஆள்", "யாரும் இல்லை" என்று சொல்லச் சொல்வேன்.

கேள்வி: எனக்கு 14 வயது, ஒல்லி. பந்து வாங்கும்போதே பின்னால் இருப்பவன் மேலே விழுகிறான். திரும்பவே முடியவில்லை.

உன் நெஞ்சு பாஸ் கொடுப்பவரை நேராகப் பார்த்து நிற்கிறதா? அப்படியானால் டிஃபெண்டருக்கு உன் முழு முதுகும் கிடைக்கிறது. பக்கவாட்டில் நில். ஒரு தோள் பாஸ் கொடுப்பவர் பக்கம், மற்றது நீ போக வேண்டிய பக்கம். பந்தைத் தூரத்துக் காலில், அதாவது பாஸ் கொடுப்பவருக்குத் தள்ளி இருக்கும் காலில் வாங்கு. வாங்கும்போதே பாதி திரும்பி முடித்திருப்பாய்.

இடம் உண்டாக்குவதும் உன் வேலைதான். பந்து வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு மூன்று அடி ஓடு. டிஃபெண்டர் கூடவே வருவான். சட்டென நிறுத்தித் திரும்பி வா. அந்த ஒரு மீட்டர் இடைவெளி ஒல்லியானவனுக்குத் தாராளம்.

அவன் ஒட்டியே இருந்தால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நில், பந்தை அவனுக்குத் தூரமான காலில் வைத்துக்கொள். கால்பந்து விதி 12-இன்படி, பந்து உன் காலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்வரை உடம்பை நடுவில் கொடுத்து அதை மறைக்கலாம். கையால் பிடித்து நிறுத்தவோ தள்ளவோ கூடாது. அதே நேரத்தில் அவன் நியாயமாகத் தோளோடு தோள் மோதினால் அதுவும் ஃபவுல் இல்லை. ரெஃப்ரியைப் பார்த்துக் கை விரிக்காதே.

கேள்வி: எத்தனையோ டர்ன்கள் (திரும்பும் முறைகள்) இருக்கின்றனவே, எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

மூன்று போதும்.

பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை வெட்டித் திரும்புவது எல்லோருக்கும் எளிதில் வரும், ஆனால் டிஃபெண்டர் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தால் வெட்டுவது, ஆள் தோளோடு தோள் ஓடிவரும்போது. அவருக்குத் தூரமான காலால் வெட்டினால் உங்கள் உடம்பு முழுவதும் நடுவில் இருக்கும். மூன்றாவது, உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்துத் திரும்புவது. வலக்காலால் இழுத்தால் வலப்பக்கமாகவே திரும்ப வேண்டும். மறுபக்கம் சுழலும் பிள்ளைக்கு ஒரு கணம் பந்து கண்ணிலிருந்து மறைந்துவிடும், பெரும்பாலான தடுமாற்றம் அங்கேதான். இந்த இழுப்பின் அழகைப் பார்க்க 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் ஹங்கேரி 6–3 என்று இங்கிலாந்தை வென்ற மேட்சைத் தேடுங்கள். ஹங்கேரியின் புஷ்காஷ் பந்தைப் பின்னுக்கு இழுக்க, இங்கிலாந்து டிஃபெண்டர் பில்லி ரைட் வெறும் புல்லில் சறுக்கிக்கொண்டு போகிறார்.

குரைஃப் டர்ன் அதற்கப்புறம். 1974 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக டோர்ட்முண்டில் நெதர்லாந்தின் யோஹான் குரைஃப் செய்தது. கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) கொடுப்பதுபோல் காலை வீசி, பந்தை ஊன்றுகாலின் பின்னால் இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் போய்விட்டார். ஸ்வீடன் டிஃபெண்டர் யான் ஓல்சன் நம்பி ஏமாந்தார். அந்த மேட்ச் 0–0 என்று முடிந்தது என்பது பலருக்கு நினைவில்லை. பிள்ளைகள் காலசைவை மட்டும் பிடித்துக்கொண்டு வீச்சை விட்டுவிடுகிறார்கள். கண்ணும் இடுப்பும் தோளும் "கிராஸ்" என்று பொய் சொல்லாவிட்டால் அந்த டர்னுக்கு வேலையே இல்லை.

எந்த டர்னாக இருந்தாலும் அடுத்த இரண்டு அடி வேகமாக இருக்க வேண்டும். திரும்பிவிட்டு நின்று ரசித்தால் ஏமாந்தவர் எழுந்து வந்துவிடுவார்.

கேள்வி: பிரான்ஸ் ஆட்டக்காரர் ஜிதான் உள்ளங்காலால் பந்தை இழுத்தபடி முழு வட்டமாகச் சுழல்வாரே, அந்தச் சுழற்சியைச் சொல்லிக்கொடுக்கலாமா?

பிள்ளைகள் கேட்டால் சொல்லிக்கொடுங்கள், குஷியாக இருப்பார்கள். என் பாடத்திட்டத்தில் இல்லை.

கேள்வி: பாஸ் கொடுப்பவருக்கு இதில் பங்கு உண்டா?

பாதிப் பங்கு அவருடையது, அவரை மட்டும் யாரும் திட்டுவதில்லை. வாங்குபவரின் முதுகுப்பக்கத்தை எதிரே நின்று முழுதாகப் பார்ப்பவர் அவர்தான். இடம் இருந்தால் தூரத்துக் காலுக்கு உறுதியான பாஸ், ஆள் ஒட்டியிருந்தால் கிட்டத்துக் காலுக்கு. பந்து வரும் காலை வைத்தே திரும்பலாமா வேண்டாமா என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். கூடவே "டர்ன்" (திரும்பு) அல்லது "மேன் ஆன்" (பின்னால் ஆள்) என்று ஒரு குரல், பந்து பாதி வழியில் இருக்கும்போதே. வந்து சேர்ந்த பிறகு கத்துவது வெறும் சத்தம். மெதுவாக உருளும் பாஸில் திரும்பச் சொல்வதும் அநியாயம், டிஃபெண்டர் அதற்குள் வந்துவிடுவார்.

கேள்வி: நான் ஸ்ட்ரைக்கர் (முன்னணியில் கோல் போடுபவர்). பாக்ஸ் (கோல் முன்னாலுள்ள பெனால்டி கட்டம்) பக்கத்தில் எப்போதும் முதுகு கோலைப் பார்த்துத்தான் பந்து கிடைக்கிறது.

உங்களுக்குக் கண்ணைவிட முதுகுதான் துணை. டிஃபெண்டர் எந்தத் தோளில் சாய்கிறார் என்று உணருங்கள். இடத்தோளில் பாரம் தெரிந்தால் வலப்பக்கம் திரும்புங்கள். பாஸ் வேகமாகவும் ஆள் மிக ஒட்டியும் இருந்தால் பந்தைத் தொடாமலே விட்டு அதனுடன் சுழலலாம். 2002 மார்ச்சில் நியூகாஸிலுக்கு எதிராக ஆர்சனலின் டென்னிஸ் பெர்க்கேம்ப் பந்தை டிஃபெண்டரின் ஒரு பக்கம் தட்டிவிட்டு மறுபக்கம் சுற்றிப்போய்ப் போட்ட கோலைப் பாருங்கள். அந்த டிஃபெண்டர் டபிஸாஸ் அவர் மேல் சாய்ந்துகொண்டிருந்ததும் தெரியும்.

கேள்வி: சென்டர் பேக்கும் (தன் கோல் முன் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) திரும்பப் பழக வேண்டுமா?

பழக வேண்டும், ஆனால் குறைவாகச் செய்ய வேண்டும். தன் கோலைப் பார்த்தபடி, பின்னால் ஆளோடு பந்து வாங்கினால் திரும்பவே வேண்டாம், கீப்பரிடமோ பக்கத்திலிருப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். பறிபோனால் எதிரணி நேராகக் கோலுக்குப் போகும். நடுக்களத்தில் பத்தில் நாலு பறிபோனாலும் நான் திட்ட மாட்டேன். எதிரணி பாக்ஸ் அருகே திரும்பாதவரைத்தான் திட்டுவேன்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. திடீர்த் திருப்பங்களில் முழங்கால் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பயம் நியாயமானதுதான். முழங்காலின் ஏசிஎல் தசைநார்க் காயங்களில் பல, யாரும் மோதாமல், காலை ஊன்றித் திசைமாற்றும்போது நடக்கின்றன. பதின்வயதுப் பெண்களிடம் இது ஆண்களைவிட அதிகம். அதற்காகத் திரும்புவதை நிறுத்த வேண்டாம், திரும்பும் விதத்தைக் கவனியுங்கள். காலை நேராக விறைத்து ஊன்றக் கூடாது. திரும்புவதற்கு முன் சின்னச் சின்ன அடிகளாக வைத்து வேகம் குறைத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்க வேண்டும். முழங்கால் உள்பக்கமாகச் சரிகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். கோச்சிடம் "ஃபிஃபா 11+ கிட்ஸ்" வார்ம்அப் செய்கிறார்களா என்று கேளுங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே வடிவமைத்தது அது. வலியோ வீக்கமோ இருந்தால் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பெரியவர்கள் பந்தில்தான் எங்கள் பிள்ளைகள் பழகுகிறார்கள். பரவாயில்லையா?

ஐந்தாம் அளவுப் பந்து 68–70 செ.மீ. சுற்றளவு, 410–450 கிராம் எடை. எட்டு வயதுக் காலுக்கு அது பாரம். வெட்டினால் நகராது, உள்ளங்காலால் இழுத்தால் வழுக்கும். பொதுவாக எட்டு வயதுக்குக் கீழ் மூன்றாம் அளவு, 12 வரை நான்காம் அளவு. "என் பிள்ளைக்கு டர்ன் வரவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பந்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

கேள்வி: இடக்காலால் திரும்பவே வரவில்லை, கோச்.

வலக்காலால் பத்து முறை செய்தால் இடக்காலால் இருபது. மேட்சில் முதலில் ஆள் இல்லாத இடங்களில் மட்டும் இடக்காலில் முயன்று பார். ஒரு பக்கம்தான் திரும்புவாய் என்று தெரிந்துகொண்ட டிஃபெண்டர் அந்தப் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்வான்.