அப்பாவின் சின்னமும் பட்டறையில் என் மௌனமும்: கேள்வி பதில்

சேலத்தில் இருபது வருடத்துக்கு மேல் உளவியல் பாடம் நடத்தியவள் நான். ஊர் உலகம் மாறும்போது மனசு எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன் சாய்கிறது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. தறி ஓட்டியவர். ஐம்பது வருடமாக ஒரே சின்னம். அவர் கட்சி செய்த தப்பை ஆதாரத்தோடு காட்டினால் பிடிவாதம்தான் கூடுகிறது. படிக்காததுதான் காரணமா? (அம்மாபேட்டை)

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தம்பி. படித்தவர்கள் தங்கள் பக்கத்துக்கு இன்னும் நேர்த்தியாக வக்காலத்து வாங்குவார்கள், அவ்வளவுதான். செய்ததும் தெரிந்ததும் ஒன்றோடொன்று இடித்தால் மனசு தாங்காது; செய்ததை மாற்ற முடியாதபோது அதற்கான நியாயத்தைத் தேடிப் பிடிக்கும் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957-ல் விளக்கினார். உங்கள் அப்பா அந்தச் சின்னத்துக்காகச் சுவர் எழுதியிருப்பார், ஒருநாள் கூலியை விட்டு ஊர்வலம் போயிருப்பார். நீங்கள் நீட்டும் ஆதாரம் அவர் காதில் "உன் ஐம்பது வருஷமும் வீண்" என்றுதான் விழும். பேரப்பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, "உங்க கட்சி மேல உங்களுக்கே கோவம் வந்தது எப்பப்பா?" என்று கேளுங்கள். என் மாமனாரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். ஓட்டை மாற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் கத்தியதே இல்லை.

கொலுசுப் பட்டறையில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். ஒரு சாதிக்காரர்களை மட்டம் தட்டிப் பேச்சு வரும். எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். நான் கோழையா? (செவ்வாய்ப்பேட்டை)

இல்லை தம்பி. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள்; பல சுற்றுகளில் வாய்கூசாமல் தப்பான கோட்டையே காட்டுவார்கள். அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பதில்களில், அந்த ஒருவர் தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். வெறும் கோட்டுக்கே இப்படி. உங்களுக்கோ அது வாரக்கூலி, தீபாவளி முன்பணம், பக்கத்து இருக்கைக்காரரின் முகம்.

அதே சோதனையின் இன்னொரு பாதியை நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வேன். அறையில் வேறு ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொல்லிவிட்டால் போதும், தப்புக்குத் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் எட்டுப் பேரில் இன்னொருவரும் மனசுக்குள் முகம் சுளித்துக்கொண்டுதான் இருப்பார் என்பது என் நம்பிக்கை. டீக்கடையில் அவரைத் தனியாகப் பிடியுங்கள். அடுத்த தடவை சண்டை வேண்டாம், "வேணாம்ண்ணே, விடுங்க" என்று ஒரு வார்த்தை. அதுவும் முடியாத அன்றைக்குச் சிரிக்காமல் இருங்கள்.

1944-ல் நம்ம சேலத்து மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. அதுவரை ஒரே கொள்கை பேசியவர்களில் ஒரு பகுதியினர் ஏன் பிரிந்தார்கள்? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

நல்ல கேள்வி கண்ணு. அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானங்கள் பெயர் மாற்றத்தோடு நிற்கவில்லை. அரசு தந்த ராவ்பகதூர், சர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதியைப் போடக் கூடாது என்றன. கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் பின்னாளில் காட்டினார்கள். பந்தலில் இருந்த இளைஞர்களுக்கு விடுவதற்குப் பட்டமே இல்லை. பெரியவர்களுக்கோ அது வீட்டு வாசல் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருந்தது. விலகியவர்கள் பழைய பெயரிலேயே கட்சி நடத்தி, 1952 தேர்தலிலும் நின்றார்கள். கொள்கை வேறுபாடும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மாற்றத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் அந்தப் பிரிவு புரியாது.

பொய் என்று தெரிந்த வாட்ஸ்அப் செய்திகூட நாலு தடவை வந்தால் உண்மையோ என்று தோன்றுகிறதே? (குகை)

எல்லோருக்கும் தோன்றும். காதுக்குப் பழகியதை மனசு உண்மை என்று எடுத்துக்கொள்ளும். 1977-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மறுப்பு எழுதுவதற்காகக்கூட அந்தப் பொய்யைத் திரும்பப் பரப்பாதீர்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள்.

ஊராட்சித் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தேன். ஐந்து வருடமும் எல்லோரும் என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்கள். பெண்களே "ஆம்பள வரட்டும்" என்பார்கள். மறுபடி நிற்கலாமா? (ஏற்காடு)

நில்லுங்கள் அம்மா. அந்தப் பெண்கள் மேல் கோபம் வேண்டாம். இருக்கிற ஏற்பாடு நமக்கே பாதகமானாலும், அதை நியாயம் என்று நம்பிக்கொண்டால் தினமும் மனசு புழுங்காமல் வாழலாம். ஜான் ஜோஸ்ட், மஹ்சரின் பனாஜி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1994-ல் எழுதியது இதைத்தான்.

மேற்கு வங்க ஊராட்சிகளில் பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டஃப்லோ குழுவினர் பார்த்ததைச் சொல்கிறேன். பெண் தலைவர்கள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டார்கள். ஆனாலும் முதல் தடவை ஊர் அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்தான் போட்டது. தலைவர் பதவி அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், ஜெயித்தார்கள். பெண் தலைமை பிடிக்கும் என்று ஆண்கள் மாறிவிடவில்லை. பெண்ணால் முடியாது என்ற நினைப்புதான் தளர்ந்தது.

ஆக, உங்கள் ஐந்து வருடம் முதல் சுற்று. இந்தத் தடவை உங்கள் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: யாராவது தண்ணிப் பிரச்சினை என்று வாசலுக்கு வந்தால், "அவங்ககிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் காப்பிக் களத்துக்குப் போய்விட வேண்டும். கிராம சபையில் உங்கள் வார்டுத் தீர்மானத்தை நீங்களே எழுந்து நின்று, சத்தமாக வாசியுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்க ஒரு பெண்ணைக் கூட்டிப்போங்கள்.