கடல் கல் சுவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலோர ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மண்டபத்தை அடுத்த வேதாளைப் பக்கம் என் அம்மாவைப் பெற்ற தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. பள்ளி நாட்களில் மே மாதம் முழுக்க அங்கேதான். 17 வருடம் கழித்துப் போன மாதம் போனேன். மாமா மகன் வீட்டைப் புதுப்பித்துச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். சுவரெல்லாம் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தாயிற்று. தரைக்கு டைல்ஸ். கடல் பார்த்த திண்ணையை இடித்துவிட்டுக் கண்ணாடி ஜன்னல். கிணற்றை மூடி போர் போட்டிருக்கிறார்கள். ராத்திரி ஏசி ஓடியதில் அலைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டேன். மாமா மகன் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. இந்தக் கோபம் நியாயம்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

திண்ணைக்காகக் கோபப்படாதீர்கள். சுவருக்காகவும் கிணற்றுக்காகவும் கொஞ்சம் படலாம்.

நீங்கள் போனது மே மாதம். பள்ளி திறக்கும்போது ஊர் திரும்பியிருப்பீர்கள். வேதாளை தெற்குக் கடல், அலை முரட்டுத்தனமாக அடிக்கிற ஆண் கடல். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அந்தத் திண்ணையில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. கஞ்சியில் மணல் விழும், கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்க வேண்டும். வருடம் முழுக்க அதோடு இருந்த உங்கள் மாமா மகன் கண்ணாடி ஜன்னல் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணாடியில் தினமும் படிகிற உப்பைத் துடைப்பதும் அவர்தான். டைல்ஸ், ஏசி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

சுவருக்கு வருகிறேன். தாத்தா காலத்து வீடு என்றால் பெரும்பாலும் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், சுவராக இருக்கும். எங்கள் வீட்டில் கடல் கல் என்போம். தேவிபட்டினம் பக்கத்தில் எங்கள் அப்பத்தா வீட்டில் அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு கல் மட்டும் வெளியே தெரியும். தேன்கூடு மாதிரி கண் கண்ணாக, ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் பூவிதழ் போல மெல்லிய தட்டுகள். சுண்டு விரல் நுனிகூட நுழையாது. நாக்கை வைத்தால் கரிக்கும். வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கல்லுக்குள் தண்ணீர் ஏறும், காற்றும் போகும். தரையிலிருந்து ஈரம் ஏறிவரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டுதான் வரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலே பூத்து, சுண்ணாம்போடு சேர்ந்து மாவாகக் கொட்டிவிடும். தை பிறக்குமுன் பழையதைச் சுரண்டிவிட்டு மறுபடி வெள்ளையடிப்பார்கள். பொங்கலுக்கு அழகு பார்க்கத்தான் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கல்லைத் தின்ன வேண்டிய உப்புக்கு வருடா வருடம் சுண்ணாம்பைத் தின்னக் கொடுத்திருக்கிறார்கள். சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே வழியில்லை. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக இறுகி, பூச்சையே உந்தித் தள்ளும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காசைக் கொட்டித் தெரிந்துகொண்டேன். 2009இல் அப்பத்தா வீட்டுக்கு நானும் சிமெண்ட்தான் பூசினேன். ‘இனி ஆயுசுக்கும் கவலை இல்லை’ என்றார் கொத்தனார். மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் சுவரில் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம். கட்டைவிரலால் அழுத்தியபோது தோசை அகலத்துக்கு ஒரு வில்லை கழன்று காலடியில் விழுந்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று உப்பு. உங்கள் மாமா மகனுக்கும் அது நடக்கும். கோபப்படுவதை விட்டுவிட்டு அவரிடம் இதைச் சொல்லுங்கள். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொல்லுங்கள். செலவுதான், ஆனால் சுவர் மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நாம் ஏங்குகிற அந்தச் சுவர் கடலுக்குள்ளிருந்து உடைத்து எடுத்தது. வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் என்று எடுத்து எடுத்து, கீழக்கரைப் பக்கத்துத் தீவுகளில் ஒன்றான பூவரசன்பட்டி இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 2001இல் பவளங்களை வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். எனவே தாத்தா கட்டியதுபோல இனி யாரும் கட்ட முடியாது. கட்டவும் கூடாது. இருக்கிற சுவரைக் காப்பாற்றச் சொல்வதும் அதனால்தான்.

அப்புறம் கிணறு. அப்பத்தா வீட்டுக் கிணற்றில் இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. காலையில் நாலு வாளி, சாயங்காலம் நாலு வாளி. அதற்கு மேல் இறைத்தால் ‘ஊத்த சாகடிக்காதடா’ என்று கத்துவார். எங்கள் கரையோர மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, எடை குறைவு என்பதால். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து அந்த 40 அடியும் உப்பு ஏறிவரும். அப்பத்தாவுக்குக் கணக்கு தெரியாது, வாளி தெரியும். நான் போட்ட போரில் இரண்டாவது கோடையிலேயே டீ திரிந்துபோயிற்று. வீட்டு மனிதர்களுக்கு எட்டு வாளி போதும். ஷவரில் குளிக்க வருகிறவர்களுக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் போரை நிறுத்திவிட்டுக் கிணற்றைத் தூர்வாரினேன். இரண்டு மழைக்காலம் காத்திருந்த பிறகு தண்ணீர் வாயில் வைக்கிற மாதிரி ஆனது. பழைய ருசி என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் தெளிவாக இல்லை. கிணற்றை மூடியது சிலாப் போட்டா, மண்ணைக் கொட்டியா? மாமா மகனிடம் கேட்டு எழுதுங்கள். சிலாப் என்றால் தை மாதம் ஒரு நடை போய்த் திறந்து பாருங்கள், மழைத் தண்ணீர் இறங்கி நிற்கும். கையோடு ஒரு வாளியும் கயிறும் கொண்டுபோங்கள், அந்த வீட்டில் இப்போது இருக்காது.